காலியிடம், பதினாலு சென்ட்

செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பிரீத்திக்கு,

அப்பா எழுதறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், நீயும் புனேல அப்படியே இருக்கணும், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சுட்டு இருப்பேன்னு நெனச்சுக்கறோம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் இந்த மழைக்குக் கொஞ்சம் கூட. நீ வீடியோல காட்டிக் குடுத்த பயிற்சியைக் காலைல பத்துத் தடவை பண்ணச் சொன்னா நாலோட எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடறா, பிசியோதெரபி படிக்கிற புள்ளை நீயே அதட்டிச் சொல்லு. நான் சொன்னா, ஏனுங்க, உங்க டேப்பை எடுத்து என் முட்டியையும் அளந்து எழுதிக்கங்கன்னு சொல்றா. பதினஞ்சு நாளா அம்மா என்கிட்டப் பேசறதே இந்த மாதிரித்தான். நீ அதுவும் பேசறதில்லை, நான் போன் பண்ணினா அம்மாகிட்டக் குடுங்கங்கற. மூணாம் தேதி நீ அனுப்பின ஒரு வரிதான் என் போன்ல இருக்கு, மாமா காலனி மைதானத்தைக் காலியிடம்னு எழுதினது நீங்களான்னு. பதிலை டைப் பண்ணிப் பண்ணி அழிச்சேன். வாயால சொன்னா நான் கத்துவேன், நீ வெச்சுடுவ. உனக்கும் எனக்கும் இருபது வயசுதான் வித்தியாசம், டிப்ளமோ அரியர் எழுதப் போன அன்னைக்கு நீ பொறந்த, கோபம் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான். அதனால பேப்பர்ல எழுதறேன். பாதில மடிச்சு வெக்காம முழுசாப் படி.

ஆமா, நான்தான் எழுதினேன். யாரும் சொல்லி எழுதலை. பிப்ரவரில வார்டு மேம்பாட்டுத் திட்டத்துக்கு அளவெடுக்கச் சொன்னாங்க, பேரூராட்சி ஆபீஸ்ல ஒப்பந்தத்துல இருக்கற டெக்னிக்கல் அசிஸ்டெண்ட் நான் ஒருத்தன், பன்னண்டு நாள்ல மூணு வார்டு. உன் மாமா இருக்கற சீகைமரக் காலனிக்குப் போனது ஒரு புதன்கிழமை, காலைல பத்தரைக்கு டேப்பைப் பிடிச்சேன், மூணரைக்கு முடிச்சுட்டேன். அந்த நேரத்துல அங்க யார் இருப்பா? பொம்பளைங்க பூராவும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயாச்சு, ஆம்பளைங்க ஃபாக்டரில, லோடுல, புள்ளைங்க ஸ்கூல்ல. மைதானத்துல ரெண்டு ஆடு, காயப்போட்ட கம்பளி ஒண்ணு, அதையும் குறிப்புல எழுதினேன். படிவத்துல இருக்கறது அஞ்சு கட்டம், கட்டடம், பாதை, வடிகால், சாகுபடி, காலியிடம். முதல் நாலும் பொருந்தலை, அஞ்சாவதுல டிக் அடிச்சேன். பக்கத்துல பயன்பாடுன்னு ஒரு இடம், அதுல இல்லைன்னு எழுதி, பதினாலு சென்ட், புறம்போக்கு, மட்டமான நிலம்னு முடிச்சுக் கையெழுத்துப் போட்டேன். இந்த மலைல பதினாலு சென்ட் மட்டமாக் கெடைக்கறது லேசுல இல்லை, அதனால மட்டமான நிலம்ங்கறதுக்கு அடிக்கோடு வேற போட்டேன். ஆபீஸ்ல எல்லார் கண்ணுலயும் முதல்ல பட்டது அந்த அடிக்கோடுதான்.

நீ கேட்காம விட்ட கேள்வியும் எனக்குத் தெரியும். நீ பெரியவளானப்ப உன் சீருக்குப் பந்தல் போட்டது அதே இடத்துலதான், நான்தான் பந்தல் வாசல்ல நின்னு வந்தவங்களுக்குச் சந்தனம் நீட்டினேன். பந்தக்கால் நடற நாலு குழியை காலனிக்காரங்க தட்டைக்கல் போட்டு மூடி வெச்சிருப்பாங்க இல்லையா, அதையும் பிப்ரவரில பார்த்தேன். தரையில் குழிகள் நாலு, மூடப்பட வேண்டும்னு என் கையெழுத்துல இருக்கு. எப்படி எழுதினேன்னு கேப்ப. மூணரைக்கு முடிச்சுட்டா நாலு மணிக்கு அடுத்த வார்டுன்னு ஓடினேன், அந்தக் குழி எதுக்குன்னு அன்னைக்கு எனக்கு ஞாபகமே வரலை. அவ்வளவுதான். இதைச் சொல்றதுக்கே எனக்கு வெக்கமா இருக்கு, இதுக்கு மேல இதைப் பத்திக் கேட்காத.

ஜூன்ல பகுதி சபைக் கூட்டம் நடந்தது. அதையும் வேலை நாள்ல காலைல பதினொரு மணிக்கு வெச்சாங்க, வந்தது ஒம்பது பேர். கவுன்சிலர் ஜெஸிந்தா அக்கா லிஸ்டைப் படிச்சாங்க, வடிகால், படிக்கட்டுக்குக் கைப்பிடி, தெருவிளக்குன்னு போய் ஏழாவதா அந்த மைதானத்துல வாகனம் நிறுத்துமிடம். வியூ பாயிண்ட்டுக்கு வர்ற காருங்க சீசன்ல கோத்தகிரி பஸ்ஸையே மறிச்சு நிக்குது, பார்க்கிங் வேணும்தான், அதுல நான் இப்பவும் மாறலை. ஆனா வந்தவங்க வடிகால்ங்கற வார்த்தை வரைக்கும்தான் கேட்டிருக்காங்க, வருகைப் பதிவுன்னு நோட்டை நீட்டினதும் கையெழுத்துப் போட்டுட்டு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அந்தக் கையெழுத்து ஃபைல்ல ஒப்புதல்னு ஏறிடுச்சு. போன மாசக் கடைசில கான்ட்ராக்டர் ஆளுங்க வந்து மைதானத்துல சுண்ணாம்புல இருபத்திரண்டு கட்டம் போட்டுட்டாங்க. அஞ்சு மணிக்குக் கொழுந்து லாரில வந்து எறங்கின பொம்பளைங்க எங்க கால் வெக்கறதுன்னு தெரியாம ஓரமா நின்னாங்களாம், சின்னதுங்க மட்டும் யாரோ பாண்டி விளையாடக் கட்டம் போட்டுக் குடுத்திருக்காங்கன்னு ஒத்தைக்கால்ல தாண்ட ஆரம்பிச்சுடுச்சாம். மறுநாள் காலைல உன் மாமா பழனியாண்டி நம்ம ஊட்டுக்கு வந்தார், உள்ள வரலை. எப்பவும் மாப்ளன்னு கூப்பிடற மனுஷன், ஏனுங்க சார், எங்க ஊடும் காலியிடம்னுதான் எழுதியிருக்கீங்களாங்க சார், சொன்னீங்கன்னா சாமானை இப்பவே கட்டிக்கறோம்னார். அம்மா டீ கொண்டு வந்தா. ஆபீசர் ஊட்டு டீ நமக்குச் செரிக்காது தங்கச்சின்னு சொல்லிட்டு மழைல எறங்கிப் போயிட்டார். உன் அம்மா அந்த டீயைக் கீழ ஊத்திட்டு டம்ளரைக் கழுவு கழுவுன்னு கழுவினா.

அன்னைக்குச் சாயங்காலம் நான் அங்க போனேன். ஏழு நாள் தொடர்ந்து போனேன், அஞ்சு மணில இருந்து எட்டு வரைக்கும் ரோட்டோரப் பாலத்துச் சுவர் மேல நோட்டோட உக்காந்தேன். யாரும் பேசலை. கீழ் வரிசை ஆண்டாயி அக்கா மட்டும், என்னங்க, அன்னைக்கு ஆடு ரெண்டுன்னு எழுதுனீங்களாமா, இன்னிக்கு மூணு இருக்குது, நல்லா எண்ணிக்கங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. நான் பார்த்ததைச் சொல்றேன். அஞ்சு பத்துக்கு லாரி வந்து அந்த மட்டத்துலதான் திரும்புது. எறங்கினவங்க உடனே மேல ஏறறதில்லை, எண்பத்தாறு படி இருக்கு, நனைஞ்ச சாக்கைக் கழட்டிப் போட்டுட்டுக் கால்மணி நேரம் உக்கார்றாங்க, விறகைப் பிரிச்சுக்கறாங்க, யார் ஊட்டுப் புள்ளைக்குக் காய்ச்சல்ங்கறது அங்கதான் தெரியுது. அஞ்சே முக்காலுக்கு வலை கட்டி வாலிபால். செவ்வாயும் வெள்ளியும் கேத்தில இருந்து கேரட், கோஸ் ஏத்திட்டு ஒரு வேன் வருது, அது நிக்கறதும் அங்கதான். சனிக்கிழமை ஒரு நிச்சயதார்த்தம், நான் மூடச் சொன்ன குழில கம்பு நின்னுது. ஆறாம் நாள் மேல் வரிசைல ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்கு வலி வந்து 108 வந்துச்சு. அந்த வண்டி ஒரே தடவைல திரும்பப் பன்னண்டு மீட்டர் வேணும். என் பிளான்படி கார் நின்னா மிச்சம் இருக்கறது அஞ்சே முக்கால் மீட்டர். வளைவுல நானூறு மீட்டர் ரிவர்ஸ்லயேதான் போகணும், பக்கத்துல பள்ளம். அந்தப் பொண்ணு நல்லா இருக்கு, பொட்டப் புள்ளை. நான் அந்த டயர்த் தடத்தை ரெண்டு தடவை அளந்து நோட்டுல எழுதினேன், இதை அம்மாகிட்டச் சொல்லலை.

ஏழு நாளும் முடிஞ்ச மறுநாள் எல்லாத்தையும் நேரத்தோட புது ஷீட்ல வரைஞ்சு செயல் அலுவலர்கிட்ட வெச்சேன், என் அளவு தப்பு, திருத்திக்கறேன்னேன். அவர் படிச்சுப் பார்த்துட்டு, சிவகுரு, ஆபீசே தன் ஷீட்டைத் தப்புன்னா மொத்த ஃபைலும் திரும்பிப் போகும், அப்புறம் வடிகால் இந்த வருஷம் கெடையாது, ஐப்பசி மழைக்கு நீங்க பதில் சொல்வீங்களான்னார். அவர் சொன்னது சரி, அதுதான் எரிச்சல். போன வருஷம் கீழ் வரிசைல ஆறு ஊட்டுல தண்ணி பூந்து ஆண்டாயி அக்கா மூணு நாள் கட்டில் மேலயே அடுப்பு வெச்சு ஆக்கினது உனக்குத் தெரியும். அப்புறம் ஜெஸிந்தா அக்காதான் என்னைத் தனியாக் கூப்பிட்டு வழி சொன்னாங்க. வார்டு வாக்காளர் ஒருத்தர் எழுத்துல ஆட்சேபனை குடுத்தா ஏழாவதை மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டு மத்ததை நிறைவேத்தலாமாம். ஆபீஸ் ஆளு நான் குடுக்க முடியாது, காலனில இருந்து ஒருத்தர் குடுக்கணும்.

அதுக்கு ஒருத்தரும் வரலை. ஏன் வருவாங்க? போன தடவை நோட்டுல போட்ட கையெழுத்துத்தான் சுண்ணாம்புக் கட்டமா வந்து நிக்குது. அதோட அங்க ஒரு ஊட்டுக்கும் பட்டா கெடையாது, முதல்ல எழுதிக் குடுக்கறவன் ஊட்டைத்தான் முதல்ல அளப்பாங்கன்னு பயம், அது வெட்டிப் பயம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உன் மாமாகிட்ட ஞாயித்துக்கிழமை போய்க் கேட்டேன், வாசல்லயே, நீங்க எழுதினதை நீங்களே அழிச்சுக்கங்க சார், எங்க கையைப் பிடிக்காதீங்கன்னுட்டார். கேட்டது என் தப்பு. இனி அங்க யார்கிட்டயும் கேட்க மாட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீ பிளஸ் டூ படிக்க ரெண்டு வருஷம் மாமா ஊட்டுல இருந்தப்ப பதினெட்டு முடிஞ்சு உன் பேரை அந்த விலாசத்துலதான் பட்டியல்ல சேர்த்தோம், இன்னும் மாத்தலை. நீ அந்த வார்டு வாக்காளர். அளக்கறதுக்கு உன் பேர்ல அங்க ஊடும் இல்லை. ஆட்சேபனையை நீ எழுது. எழுதறது எப்படின்னு சொல்றேன், கோபத்துல எழுதாத, கோபத்துக்கு ஃபைல்ல எடம் இல்லை. செயல் அலுவலர் பேருக்கு, மேல வாக்காளர் அட்டை எண், பொருள் ஏழாவது இனம். நான் பார்த்த நேரத்தையும் அளவையும் வரைஞ்ச ஷீட் இதோட இருக்கு, ஆனா அதை அப்படியே பார்த்து எழுதாத, நான் ஏழு நாள்தான் உக்காந்தேன், நீ அங்க ரெண்டு வருஷம் இருந்தவ, நான் விட்டது இருக்கும், அதையும் சேர்த்து எழுது. ரோட்டு மேல பழைய கொழுந்து எடை போடற ஷெட்டு காலியாக் கெடக்கு, அதுல ஒம்பது கார் நிக்கும், அதையும் ஒரு வரி எழுதிடு. இருபத்திரண்டுக்கு ஒம்பது ஈடாகாது, அதைக் கேப்பாங்க, எனக்கு இன்னும் பதில் தெரியலை. காலியிடம், பயன்பாடு இல்லைன்னு நான் எழுதின வரியை எழுத்து மாறாம எடுத்துப் போட்டு, அது தவறுன்னு எழுது. எங்கயும் அப்பான்னு எழுதாத. அளவெடுத்தவர்னு எழுது. மார்ச்ல என் ஒப்பந்தம் முடியுது, அதை நெனச்சு ஒரு வார்த்தையும் குறைக்காத, குறைச்சா எனக்குத் தெரியும்.

அம்மாகிட்ட நேத்துத்தான் இதைச் சொன்னேன். முட்டியைத் தேய்ச்சுட்டே, புள்ளை எழுதிட்டா எங்கண்ணன் நம்ம ஊட்டுக்கு வருவாரான்னு கேட்டா. தெரியலைன்னேன். வர்லீன்னாலும் எழுதட்டும்னா. இதை எடுத்துக்கற பேரூராட்சி மன்றக் கூட்டம் முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, என்ன முடிவாகும்னு என்னால சொல்ல முடியலை.

உடம்பைப் பார்த்துக்க அம்மிணி, அங்க மழை விடற வரைக்கும் கொதிக்க வெச்ச தண்ணியே குடி, பரீட்சைக்கு முன்னாடி கண் முழிச்சுப் படிக்காத. நல்லபடியாப் படிச்சு, நாலு பேருக்கு வலி தீர்க்கற கையா உன் கை இருக்கணும், நோய் நொடி இல்லாம நல்லா இருன்னு நானும் அம்மாவும் மனசார வாழ்த்தறோம். மறக்காத, இருபத்தொம்பதாம் தேதி திங்கள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல தபால் சேர்ந்துடணும். போட்டோ எடுத்து அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க, பேனால கையெழுத்துப் போட்டு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பு. தபாலை வாங்கிப் பதிவு பண்ற மேஜை என்னோடதுதான். உன்னோடது வந்ததும் நானே நம்பர் போட்டு உள்ள கொண்டு போய் வெக்கறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவகுரு