இரண்டு அங்குல வெயில்

நாக்பூர்,
18-4-1978

அன்புள்ள கணவருக்கு,

வணக்கம். நான் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? தறியில் உட்காருமுன் சாப்பிடுகிறீர்களா?

இங்கே வெயில் அதிகம்தான், கவலைப்படாதீர்கள். மேற்குச் சன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி போட்டுவிட்டேன். அதில் ஒரு வேடிக்கை. அளவு நாடா இல்லாததால், நான் கிளம்பும்போது நீங்கள் கொடுத்த புடவையின் அகலத்தைச் சன்னலின் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. உங்கள் தறியில் எப்போதும் நாற்பத்தாறு அங்குலம்தானே? அதையே எழுதிக் கொடுத்தேன்.

தட்டியை மாட்ட வந்த வேலூர்க்காரர் பாஷா பாய் சிரித்தார். "இன்னாம்மா, ரெண்டு அங்குலம் பத்தலையே! எத்த வச்சி அளந்தீங்க?"

"எங்க வூட்டுக்காரர் நெய்ஞ்ச பொடவைங்க. தப்பே வராது."

அவர் தம் நாடாவைப் புடவைமேல் வைத்தார். நாற்பத்தெட்டு.

என் உயரத்துக்குப் புடவை கணுக்காலுக்கு மேலே நிற்கிறதென்று ஊரே கேலி செய்யும். நீங்கள் ஒன்றும் சொன்னதில்லை. இந்த நாக்பூர் வேலை மாற்றலுக்கு நான் சம்மதித்தபோதும் பேசவில்லை. ரயிலடியில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள். கோபமென்று நினைத்து, ஆறு மாதமாக அந்தப் புடவையைக் கட்டவே இல்லை. எனக்காக இரண்டு அங்குலம் கூட்டி நெய்ய, தறியின் அச்சையே மாற்றிப் பூட்டியிருக்கிறீர்கள்.

வேறு தட்டி செய்து தருவதாக பாய் சொன்னார். வேண்டாமென்றேன். சாயங்காலத்தில் இரண்டு அங்குல வெயில் உள்ளே வருகிறது, வரட்டும்.

சீயக்காய் தீர்ந்துவிட்டது. கொடுத்தனுப்ப ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே கொண்டுவாருங்கள்.

தபால் எடுக்கும் நேரம். இன்று அந்தப் புடவைதான் கட்டியிருக்கிறேன். பாதம் வரை வருகிறது.

உங்கள்
அபிதகுசாம்பாள்