அப்பா தூதராக இருந்த பத்தொன்பது நாள்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குக் கழுத்து வலி, மற்றபடி நலம். போனில் சொல்வதை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிப் பேசுவது. பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு, எங்கப்பா டீமுக்கே தூதர் ஆகிவிட்டார் என்று ஆபீஸ் முழுக்கக் காட்டினேன் என நீ அனுப்பிய வாழ்த்து வந்தது. படித்தார், பதில் போடவில்லை. உனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

அப்பா பந்தயக் கார் ஓட்டுவதை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. ஓட்டி முடித்தவர்களுக்கு இந்தத் தொழிலில் இரண்டே வேலைதான் வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டயர் மாற்றக் காரை எப்போது தடத்திலிருந்து உள்ளே கூப்பிடுவது என்று முடிவெடுக்கும் மேனேஜர் நாற்காலி. இன்னொன்று, விருந்தாளிகளோடு சிரித்துக்கொண்டே நிற்கும் தூதர் வேலை, அதற்கு நாற்காலியும் கிடையாது. மேனேஜராக அப்பா ஆறு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். நானும் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் போய் கேரேஜின் பின்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, கல்யாணமான புதிதில் அவருக்கு எழுதியது போலவே, சுற்றுக்குச் சுற்று நேரம் எழுதிக்கொண்டிருப்பேன். கம்ப்யூட்டர் வந்த பிறகு என் நோட்டு யாருக்கும் வேண்டாம். இருந்தாலும் பையன்கள் பழைய ஹெட்போன் ஒன்றை எனக்கென்று மாட்டி வைத்திருப்பார்கள், அதில் கேட்கிற பேச்சையும் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். உனக்குத்தான் தெரியுமே, சும்மா உட்காரச் சொன்னால் எனக்குக் கை நமநமக்கும்.

போன மாசத்துக்கு முந்தின மாசம் நடந்த பந்தயத்தில் நெட்டை ஓட்டினான். நீ போன பிறகு சேர்ந்தவன், முப்பது வயசு, போன வருஷம்தான் கல்யாணம் ஆயிற்று. அவனைக் காருக்குள் மடக்கி உட்கார வைக்க இரண்டு மெக்கானிக் வேண்டும், அதனால் அந்தப் பேர். முப்பத்தோராவது சுற்றில் தடத்தின் அந்தக் கோடியில் தூறல் பிடித்துக்கொண்டது. இன்ஜினியர் பெண் திரையைத் தொட்டுக் காட்டி, இப்போதே கூப்பிட்டு மழை டயர் மாட்டிவிடலாம் சார் என்றாள். அப்பா தலையை ஆட்டினார். ரேடியோவையும் அழுத்தினார். ஆனால் கூப்பிடவில்லையடி, கேட்டார். தடம் எப்படி இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். ஓட்டிக்கொண்டிருக்கிறவனிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? இன்னும் ஒரு சுற்று தாங்கும் என்றான். இவரும் சரி இரு என்றுவிட்டார். ஓட்டியே தெரியாத மேனேஜராக இருந்திருந்தால் மழை என்றதும் பயந்துபோய்க் கூப்பிட்டிருப்பான். இவர் அந்த நிமிஷம் நாற்காலியில் இல்லை, மனசால் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வளைவில் கார் வழுக்கிச் சுவரில் போய் மோதியது. உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்பெலும்பும் இடது காலும் உடைந்துவிட்டன. நான் அந்தச் சுற்றுக்கு நேராக, கேட்டதைக் கேட்டபடி எழுதி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து டீம் முதலாளி ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நம் ரேடியோவில் பேசுவது எங்கேயும் பதிவாவதில்லை, அதெல்லாம் பெரிய பந்தயங்களில்தான். அதனால் விபத்துக்குப் போட்டிருக்கும் விசாரணைக் குழு, மேனேஜர் எழுதிக் கொடுப்பதைத்தான் நம்பும் என்றார். காகிதத்தைத் தயாராகவே கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே வரச் சொல்லி இரண்டு முறை உத்தரவிட்டேன், ஓட்டுநர் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. நிர்வாகத்தின் தப்பு என்று ஆனால் டீமை இந்த வருஷம் முழுக்க ஓட விடமாட்டார்கள், நாற்பது பேர் வேலை போகும் என்று முதலாளி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உத்தரவை மீறினவன் என்று பேராகிவிட்டால் நெட்டையின் லைசென்ஸ் போகும், கால் சரியானாலும் எந்த டீமும் அவனைச் சேர்க்காது, அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அப்பா அன்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத மனுஷன், எப்படியாவது இவர்கள் எழுந்து போனால் போதும் என்கிற மாதிரி வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். போகும்போது வாசலில் நின்று முதலாளி, இனி அந்த டென்ஷன் எல்லாம் உங்களுக்கு வேண்டாம், நீங்கள்தான் நம் டீமின் தூதர் என்றார். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குத் தூது என்று நான் கேட்டதற்கு வக்கீல் மட்டும் சிரித்தார்.

மறுநாளே கோட்டு வந்துவிட்டது, முன்னும் பின்னும் பதினான்கு கம்பெனி பேர். நான்தான் தேய்த்துக் கொடுத்தேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது. கடை திறப்புக்கு ஒரு நாள், கார் கண்காட்சிக்கு ஒரு நாள் என்று போய் வந்தார். வருகிறவர்கள் எல்லாம் அவ்வளவு வேகத்தில் பயமாக இருக்காதா என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்களாம், இவரும் ஒரே பதிலைச் சொல்கிறாராம். ஒரு நாளைக்கு இருநூறு தொப்பியில் கையெழுத்து. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூடக் குனிய மாட்டாமல் உட்கார்ந்திருப்பார். உன் வாழ்த்து வந்தது அந்தச் சமயம்தான். துணி துவைக்கிற மெஷின் கடகடவென்று சத்தம் போடுகிறது, கொஞ்சம் பாருங்கள் என்றேன். முன்பெல்லாம் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் என்று சொல்கிறவர், ஆளைக் கூப்பிட்டுக்கொள் என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, பந்தயத்தன்றைக்கு நோட்டில் எழுதினாயா என்று கேட்டார். எழுதினேன் என்றேன். காட்டச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. என்ன எழுதியிருக்கிறேன் என்று மட்டும் கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் என்றேன். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார். சின்னு, உன்னிடம் மறைப்பானேன், அவர் கேட்காமல் இருந்திருந்தால் நானாக அந்த நோட்டை வெளியே எடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் காலை கோட்டைப் போடாமல் பழைய சட்டையோடு கிளம்பினார், நானும் கூடப் போனேன். விசாரணைக் குழு ஆபீஸில் எங்களை ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முன்பு கொடுத்தது பொய், நான் கூப்பிடவேயில்லை என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார், நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தை நகல் எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். மாடிப்படி இறங்குவதற்குள் முதலாளி போன் பண்ணிவிட்டார். அவர் கத்தியது எனக்கே கேட்டது. அப்பா கடைசியில் கோட்டை எங்கே கொண்டுவந்து கொடுப்பது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நெட்டையின் காலுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டதையும் இன்றைக்கு மாற்றி எழுதிக் கொடுத்ததையும் அப்பா நின்றபடியே சொல்லி முடித்தார். நெட்டை, "நீங்க கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன் சார். அது உங்களுக்கும் தெரியும்" என்றான். தப்பித்துக்கொள்ள அவனே வழி விட்டான் பார். உன் அப்பா, "தெரியும். வர்றதும் வராததும் உன் இஷ்டம். கூப்பிடறது என் வேலை. நான் கூப்பிடலப்பா" என்றார். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் பெண்டாட்டி எழுந்து தன் நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்திப் போட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான், உண்மையில் அசதியாகத்தான் இருந்தது, எங்கள் இரண்டு பேருக்கும்.

நெட்டை மேல் தப்பில்லை என்று நேற்று கடிதம் வந்துவிட்டது. டீமை என்ன செய்வார்கள் என்று இன்னும் தெரியாது, அந்த நாற்பது பேரை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இனி எந்த டீமிலும் மேனேஜராக உட்கார முடியாது. அவர் போனில் வந்தால் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்காதே, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள், அழாதே. உங்கள் பக்கம் மழை ஆரம்பிக்கப் போகிறது, மாப்பிள்ளையிடம் சொல்லிக் காரின் முன் டயர் இரண்டையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று தள்ளாதே. நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாய், நீங்கள் இருவரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா