பதக்கப் பட்டியலில் கலப்பு அணி

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கார் டிக்கியைத் திறந்து உன் பட்மின்ரன் பையை வெளியே எடுத்தேன். பனியில் வழுக்காத விண்டர் ரயர் மாற்ற இவர் காரைக் கொண்டுபோகிறார்; ரயர்களை வைக்க இடம் வேண்டுமாம். பையின் ஸிப் பாதி திறந்திருந்தது. நீ முழங்காலில் பூசும் தைலத்தின் மணம். கராஜ் தரையிலேயே இருந்துவிட்டேன்.

கடைசியாக விளையாடிய அன்று, "ஒன் கார்லயே கெடக்கட்டும், அடுத்த வாரம் எடுத்துக்கறேன்" என்றாய். அடுத்த வாரம் உன்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பார்த்தேன்.

இங்கே ஸ்காபரோவில் இலங்கைத் தமிழரின் ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் பட்மின்ரன் போட்டிக்கு உன்னை முதன்முதல் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? அங்கே ஒவ்வோர் அணியும் ஓர் ஊரின் பெயரில்தான் ஆடலாம். போட்டியை நடத்தும் அண்ணை என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, உங்கட சிநேகிதி எந்த ஊர்?"

"மதுரைண்ணே," என்று நீயே முந்திக்கொண்டாய்.

"மதுரைக்கு இஞ்ச சங்கம் இல்லையே பிள்ளை."

"மதுரைக்குச் சங்கம் இல்லையா? அண்ணே, சங்கம் வச்சதே நாங்கதான்!"

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் சேர்க்கவில்லை.

திரும்பும் வழியில் கோப்பிக் கடையில் நீ ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தாய். பதக்கப் பட்டியல் என்றால் உனக்குப் பைத்தியம். ஒலிம்பிக் நடக்கும் நாட்களில் இந்தியா எங்கே என்று கீழே கீழே தேடித் திட்டித் தீர்ப்பாய். நான் எதையும் தேடமாட்டேன். பிறந்த நாட்டின் பெயரைத் தேட மனம் வராது. பாஸ்போர்ட் தந்த நாடு மேலே நின்றால் மகிழ்ச்சிதான், ஆனால் அது பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் வரும் மகிழ்ச்சி. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"இங்க பாருடி," என்று ஃபோனை நீட்டினாய். "மொத மொத நடந்த ஒலிம்பிக்கோட பட்டியல். கடைசி வரியப் பாரு."

எல்லா வரியிலும் ஒரு நாடு. கடைசியில் மட்டும் கலப்பு அணி என்றிருந்தது.

"டென்னிஸ் டபிள்ஸ்ல ஒருத்தன் ஒரு நாடு, கூட ஆடுனவன் வேற நாடு. ஜெயிச்சுட்டானுங்க. எந்த நாட்டுக் கணக்குல எழுதன்னு தெரியாம தனியாப் போட்டிருக்கான். ஒனக்கு இடமில்லைன்னு இனிமே மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

மறுநாளே அந்தப் பட்டியலை அண்ணைக்குக் காட்டினாய். "ஒலிம்பிக்லயே விட்டிருக்காங்கண்ணே, நீங்க என்ன அதவிடப் பெரிய ஆளா?" அவர் தலையைச் சொறிந்துகொண்டு சேர்த்தார். "அடுத்து, கலப்பு அணி!" என்று மைக்கில் கூப்பிட்டபோது மண்டபமே சிரித்தது. நீ நாலு பக்கமும் கும்பிட்டாய்.

ஒருமுறையும் நாங்கள் வெல்லவில்லை. நடுவில் வரும் பூப்பந்துக்கு எல்லோரும் "என்னுது" என்று கத்துவார்கள். நீ "நம்மளுது!" என்பாய். இரண்டுபேரும் பாய, றாக்கெற்றுகள் மோத, பந்து நடுவில் விழும். நான் இன்னும் பயிற்சிக்குப் போய்வருகிறேன். நடுவில் வரும் பந்தை இன்னும் விட்டுவிடுகிறேன்.

உன் சாம்பலை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். சரிதான், அது உன் ஊர். ஆனால் இந்த நகரத்தில் நான் போய் நின்று அழ ஓர் இடமில்லை.

நேற்று அண்ணை எனக்கு ஃபோன் எடுத்தார். "தங்கச்சி, எங்கட ஊர் ரீமில ஓராள் குறையுது. இந்தமுறை எங்களோட நிண்டு விளையாடுங்கோ. இனி என்ன தடை?"

நல்ல மனுசன். அவர் தீங்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இவரும், "போய் விளையாடுமன், மனசுக்கு நல்லது" என்கிறார். நாளைக்குள் பதில் சொல்லவேண்டும்.

அண்ணையிடம் கலப்பு அணி என்றுதான் சொல்லப்போகிறேன். உன் பெயர், என் பெயர். அவர் தயங்கினால் கெஞ்சுவேன். மைக்கில் இரண்டு பெயரையும் கூப்பிடட்டும். நான் ஆடுகளத்துக்குள் இறங்கி, என் பாதியில் மட்டும் நிற்பேன்; உன் பாதி காலியாகக் கிடக்கும். எதிரணி பார்த்துக்கொண்டு நிற்கும். நடுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். பிறகு நாங்கள் தோற்றதாக அறிவிப்பார். வலைக்குப் போய்க் கைகொடுத்துவிட்டு வருவேன். எனக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசுவார்கள், பேசட்டும்.

இவருக்கும் இன்னும் சொல்லவில்லை.