குருவி மேசை

பிப்ரவரி 3

எதிர்பார்த்த ஷூ லோடு வரவில்லை. பள்ளியிலிருந்து போன்தான் வந்தது. "சொல்றதை எழுதுங்கன்னா உங்க பொண்ணு பென்சிலையே தொடறதில்ல. வருஷக் கடைசிக்குள்ள எழுத ஆரம்பிக்கலைன்னா, இதே ரெண்டாம் வகுப்புல இன்னொரு வருஷம் உக்கார வேண்டியதுதான்" என்றார் டீச்சர். உதவிக்கு இருந்த ஆசிரியை விடுப்பில் போய்விட்டாராம். வாரம் ஒரு மணி நேரம் சொல் எழுதும் பயிற்சிக்குப் பெற்றோர் யாராவது வர முடியுமா என்றும் கேட்டார்.

நான் வருகிறேன் என்றேன். நடைபாதையில் சாக்கு விரித்துச் செருப்பு விற்றவள், இன்று இரண்டு மாடிக் கடைக்காரி. வாண்டுகளைச் சமாளிக்க முடியாதா என்ன?

வீட்டுக்காரர் சொன்னார்: "உன் சத்தத்துக்கு எழுத்தெல்லாம் பயந்துபோய்த் தானா வரிசையில நிக்கும்." பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6

மூன்று மேசைகள். சரளமாக எழுதுபவர்கள், நடுவாந்திரம், திணறுபவர்கள். யார் மனமும் நோகக்கூடாது என்று மயில், கிளி, குருவி எனப் பெயர் வைத்திருக்கிறார்கள். விலைச் சீட்டைக் கிழித்துவிட்டால் மலிவுச் சரக்கு எதுவென்று தெரியாமலா போகும்? நுழைந்ததுமே ஒரு மயில் சொன்னது: "ஆன்ட்டி, குருவிங்களுக்கு ஒண்ணும் வராது." அந்த மயிலுக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்தேன்.

என் சின்னவள் குருவி.

இருபது சொல் சொன்னேன். எல்லோருக்கும் அதே இருபது. தெருவுக்கும் கேட்டிருக்கும். வக்கீல் மளமளவென்று எழுதி முடித்து, மேசைக்கு அடியில் புகுந்து, பக்கத்துப் பிள்ளையின் ஷூ நாடாவை நாற்காலிக் காலில் கட்டினாள். ஒரு குருவிப் பையன் அழுதான். சின்னவள் பென்சிலைத் தொடவில்லை.

பிப்ரவரி 13

பரிசு அறிவித்தேன். பாதி சரியாக எழுதினால் பளபளக்கும் ஷூ நாடா. தள்ளுபடிப் பலகை வைத்தால் கூட்டம் கூடாதா? கூடியது. எல்லாம் மயில்கள். ஏற்கெனவே தெரிந்த சொல்லை எழுதிவிட்டு நாடாவை அள்ளிக்கொண்டு போனார்கள். குருவி மேசையில் ஒரு நாடா கூட இல்லை.

பிப்ரவரி 14

சின்னவள் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 20

புதுத் திட்டம்: குருவிக்கு ஒரு மயில் துணை. உட்கார்ந்த வேகத்தில் வக்கீல், ஒரு சொல்லுக்கு ஒரு அழிரப்பர் என்று விலை பேசி, இன்னொரு மயிலைத் தரகராகவும் வைத்துவிட்டாள். கண்டித்திருக்க வேண்டும். கடைக்கு வேலைக்கு எடுக்கலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு சின்னவளிடம் கத்தினேன். எல்லோர் முன்னாலும். "பென்சிலைத் தொட்டா சுட்டுடுமா?"

ஏன் கத்தினேன்? அவ எழுதலைங்கறதுக்காகவா? இல்ல — எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான். என் வெக்கத்தைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளை தலையில இறக்கிட்டேன்.

பிப்ரவரி 22

புதிதாகச் சேர்ந்த விற்பனைக்காரர் ஒரு பெண்மணியின் முன்னால் பெட்டி பெட்டியாகத் திறந்து குவித்தார். அந்தம்மா மெல்ல நழுவிவிட்டார். விற்பனைக்காரரைப் பிடித்துக்கொண்டேன்: "யாருக்கு வேணும், எதுக்கு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா? கேக்காம அள்ளிக் கொட்டினா யாரு வாங்குவா?"

சொல்லி முடித்ததும் எனக்கே சுரீர் என்றது. வகுப்பில் நான் செய்துகொண்டிருப்பது வேறென்ன? அந்த மனிதராவது வேலைக்குப் புதிது.

பிப்ரவரி 27

இன்று சொல் எதையும் கொண்டுபோகவில்லை. கால் அளக்க உட்காருவது போலக் குட்டை ஸ்டூலைப் போட்டு, ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "உனக்கு என்ன சொல் வேணும்?"

வக்கீல் கேட்டது, 'உச்ச நீதிமன்றம்'. நான் வைத்த பெயர் தெரிந்துவிட்டதோ? அதை எழுதி முடிக்கும்வரை அவள் மேசைக்கு அடியில் போகவில்லை. அன்று அழுத பையனுக்கு 'நாய்க்குட்டி' வேண்டும். எழுதி அப்பாவிடம் கொடுக்கப் போகிறானாம். பிழைத்துக்கொள்வான்.

சின்னவள் பக்கம் வந்ததும் என் குரல் தானாக இறங்கியது. "உனக்கு என்னம்மா வேணும்?"

மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதருகே வந்து, "கத்தாதே" என்றாள்.

வக்கீலுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அந்தச் சொல்லையே துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் பார்த்தாள், தாளைக் கவிழ்த்து வைத்தாள், பென்சிலை எடுத்தாள். ஒரு எழுத்து விட்டுப்போனது. நான் வாயைத் திறக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள், மறுபடி எழுதினாள். சரி.

சொல்ல வந்ததை நான் விழுங்கியது, நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

மார்ச் 6

சின்னவள் இன்று தானாகவே மூன்று சொல் கேட்டாள். இரண்டு என்னைப் பற்றியவை. இங்கே எழுதுவதாக இல்லை.

மார்ச் 28

டீச்சர் போன். மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். "அங்கயும் குருவி மேசைதான். ஆனா எழுதற குருவி" என்றார்.

மத்தியானம் கடைக்கு வந்த சின்னவள், ஷூ பெட்டி மூடியைக் கிழித்து, என்னிடம் கேட்ட அந்த முதல் சொல்லைப் பட்டையாக எழுதி, கல்லாவுக்கு நேர் மேலே ஒட்டினாள். கோணல். ஆனால் படிக்கலாம். விற்பனைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இது எங்களுக்கா, முதலாளியம்மா?"

"எனக்குய்யா!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

பெட்டிகளுக்கு நடுவிலிருந்து சின்னவள் தலையைத் தூக்கினாள். பென்சிலால் அந்த அட்டையைச் சுட்டிக் காட்டினாள்.