வெள்ளை லைட்டும் பொங்கல் வேட்டியும்

ஜனவரி 6, திங்கள்

பிரிசில்லா சிஸ்டர் மருந்துக் கம்பெனி டைரி ஒன்று கொடுத்தாள். "அக்கா, நீங்க பேசறதுல பாதிய இதுல எழுதுங்க. எங்க காதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டு கெடைக்கும்" என்றாள். என் நாலாங்கிளாஸ் படிப்புக்கு டைரி ஜாஸ்திதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் வேனில் வருவது ஆறு நர்சுகள். காலையில் செம்மண்டலத்தில் ஏற்றிச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவோம். சாயந்திரம் திரும்ப அழைத்து வருவோம். பாதி வழியிலேயே இருட்டிவிடும். என் வீட்டுக்காரர் ஓட்டுவார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து கதவு திறந்து விடுவேன், வறுத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, பொட்டலம் போட்டு விற்பேன், இவரை வம்புக்கு இழுப்பேன். மூன்றாவது வேலைக்கு மட்டும் லீவே கிடையாது.

இன்றைக்கு ஆலப்பாக்கம் தாண்டும்போது மீட்டரைக் குனிந்து குனிந்து பார்த்தார்.

"லோகு, வேகம் எவ்ளோ காட்டுது?"

"அறுபத்தஞ்சு."

"மீட்டர் லைட்டு மங்கிப்போச்சு. வண்டிக்கு வயசாயிடுச்சு."

"வண்டிக்கு மட்டுமா?" என்றேன். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

வேகம் சொல்வது கொஞ்ச நாளாகவே என் வேலையாகிவிட்டது. ஸ்பீடு பிரேக்கரையும் நான்தான் சொல்கிறேன். "மாமா, மேடு வருது, என் இடுப்பெலும்ப நெனச்சு ஓட்டுங்க" என்பேன். கிண்டலாகச் சொல்வதால் பின்னால் யாருக்கும் விஷயம் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

போன ஆடியில், கண்ணைக் காட்டிவிட்டு வரலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "கண்ணு சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டா? லைசென்ச வெச்சு நாக்கா வழிக்கறது? வண்டிய விட்டா நான் என்னாத்துக்குடி ஆவேன்?" என்று கத்தினார். அப்புறம் நான் கேட்கவில்லை. மேடு வருது, பள்ளம் வருது என்று சொல்லிக்கொண்டு மட்டும் வருகிறேன்.

ஜனவரி 8, புதன்

டெம்போ சாமிக்கண்ணு தன் வண்டி மீட்டருக்கு எல்இடி பல்பு போட்டிருக்கிறாராம். "உள்ள உக்காந்தா ஏரோப்ளேன் மாதிரி இருக்குதுடி" என்று இவர் வந்து சொன்னார். ஏரோப்ளேனை இவர் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

ஜனவரி 10, வெள்ளி

மீட்டருக்கு அந்த எல்இடி பல்பைப் போட மஞ்சக்குப்பத்தில் சார்லஸ் கடைக்குப் போனோம். எங்கள் வண்டிக்கு ஒயர் வேலை எல்லாம் அவன்தான். அதற்கு முன்னால் அவன் அப்பா. இவரை அண்ணே என்பான், என்னை அண்ணி.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற மீட்டர் பெட்டியை ஸ்குரூ கழற்றி, கேபிளைப் பிடுங்கி, சோற்றுத்தட்டு மாதிரி மடியில் வைத்துக்கொண்டான். பழைய பல்பு ஒவ்வொன்றும் மல்லாட்டைப் பருப்பு அளவுதான். புது பல்பை ஒரு பக்கமாகச் சொருகினான், எரியவில்லை. அதையே திருப்பிச் சொருகினான், எரிந்தது. "எல்இடிக்கு பக்கம் உண்டு அண்ணி. மாத்திப் போட்டா செத்தமாதிரி இருக்கும்" என்றான். "உங்க அண்ணனும் அப்படித்தான். திருப்பிப் போட்டாத்தான் வேலை செய்வாரு" என்றேன்.

ஒரே ஒரு பல்பை மட்டும் அவன் தொடவில்லை. சாவி போட்டதும் பேட்டரி படத்தில் சிவப்பாக எரிந்து, வண்டி கிளம்பினதும் அணையுமே, அது.

"அண்ணே, இது பழசே இருக்கட்டும். இந்தப் பல்பு வழியா போற கரண்டுலதான் உங்க டைனமோ முழிச்சுக்கினு பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தும். எல்இடி அவ்ளோ கரண்டு விடாது" என்றான்.

இவர் மண்டையை ஆட்டினார். வேலை முடிந்து மீந்த ஒரு புது பல்பை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழைய பல்புகளை நான் மல்லாட்டை டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

"அது எதுக்குடி?"

"பழசையெல்லாம் தூக்கிப் போட்டா உங்கள எங்க வெக்கிறது?"

சாவி போட்டதும் பாலைக் கொட்டின மாதிரி வெள்ளையாக எரிந்தது. முள்ளும் நம்பரும் என் சீட்டிலிருந்தே பளிச்சென்று தெரிந்தன. இவர் முகம்தான் தெளியவில்லை.

"என்னாடா சார்லஸ்? வெள்ளை கேட்டா மஞ்சளப் போட்டிருக்க?"

"வெள்ளைதாண்ணே."

"மஞ்சள்டா."

வம்பு செய்கிறார் என்று நினைத்து நானும் சார்லசும் சிரித்தோம்.

ஜனவரி 11, சனி

வம்பு இல்லை. காலையிலேயே கடைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். விலை குறைந்த மஞ்சள் பல்பைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று ரோட்டில் போகிறவர்கள் காதில் விழுகிற மாதிரிப் பேசியிருக்கிறார். சார்லஸ் எனக்குப் போன் செய்தான். குரலே சரியில்லை. "எங்கப்பா காலத்துலேந்து வர்றாரு அண்ணி. என்னப் போயி திருடன்னு... இனிமே வேற கடை பாத்துக்கச் சொல்லுங்க."

சாயந்திரம் வேனில் இவர் காயத்ரியைக் கேட்டார். இருக்கிறதிலேயே சின்ன நர்சு அவள். "டியூப்லைட் மாதிரி வெள்ளையா இருக்குது அண்ணே" என்றாள். "எல்லாம் ஒரே கூட்டணி" என்று முணுமுணுத்தார்.

பால் வெள்ளை இவருக்கு எப்படி மஞ்சளாகும்?

ஜனவரி 13, திங்கள்

சிதம்பரத்தில் கோயில் தரிசனக் கூட்டம். ரோட்டை மறித்து இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். நான் சொல்லும்வரை இவர் கால் பிரேக்குக்குப் போகவில்லை. அது பட்டப்பகல்.

ஜனவரி 14, பொங்கல்

குளித்துவிட்டு வந்தவரிடம் புது வேட்டியைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார்.

"ஏண்டி, கடையில வெள்ளை வேட்டியே இல்லியா? பழுப்பா எடுத்தாந்திருக்க?"

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. கஞ்சி மொடமொடப்போடு, சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வேட்டி. பால் பொங்குகிறது என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன். பால் இன்னும் பொங்கியிருக்கவில்லை.

ஜனவரி 15, மாட்டுப்பொங்கல்

எங்களுக்கு மாடு இல்லை, வேன்தான். கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டோம். அதற்கு முன்னால் இவரே மீட்டர் பெட்டியைக் கழற்றி, சட்டைப்பையில் இருந்த பல்பை அந்தப் பேட்டரிப் படத்தில் மாற்றினார்.

"சார்லசு வேணாம்னு சொன்னானே?"

"அவன் சொன்னத வேற கேக்கணுமா? எல்லாம் தெரியுது, அது ஒண்ணுதான் எனக்குத் தெரிய மாட்டேங்குது."

விரலால் தடவித் தடவித்தான் சொருகினார். பழைய பல்பை என்னிடம் நீட்டினார், டப்பாவில் போட்டேன். சாவி போட்டார். அந்த இடம் இருட்டாக இருந்தது.

"பாத்தியா, எப்பிடி எரியுது!" என்றார்.

எரியவில்லை. எரியவே இல்லை. பண்டிகை நாளில் வேண்டாம் என்று, "ஆமா, ஜோரா எரியுது" என்றேன்.

ஜனவரி 18, சனி

காலையில் வண்டி முக்கி முனகித்தான் ஸ்டார்ட் ஆனது. பிள்ளைத்தாச்சி கூட இவ்வளவு முனக மாட்டாள் என்றேன். சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தேன். இப்போதெல்லாம் ரோட்டைப் பார்த்தபடியே பேச வேண்டியிருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

இன்றைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

சாயந்திரம் புதுச்சத்திரம் தாண்டினதும் நன்றாக இருட்டிவிட்டது. ஹாரன் அடித்தார், ஆட்டுக்குட்டி கத்தின மாதிரி வந்தது. முன்னால் ரோட்டில் விழுகிற வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி அகல்விளக்கு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே மீட்டர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. இவர் அறுபதில் போய்க்கொண்டே இருந்தார்.

பிரிசில்லா முன்னால் எட்டி, "அண்ணே, லைட்டு போட்டீங்களா?" என்றாள்.

"போட்டுத்தாம்மா இருக்கேன். நல்லாத்தான தெரியுது."

எல்லோருக்கும் தெரிந்தது, முன்னால் வெளிச்சம் இல்லை என்று. ஓட்டுகிறவருக்குத் தெரியவில்லை.

ஒரு ஆள் சைக்கிளில் கரும்புக் கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போகிறான். நான் பார்த்துட்டேன். இவர் பார்க்கல. வேகத்தக் குறைக்கல. "மாமா நிறுத்து! நிறுத்துய்யா!" — இவரை நான் 'யா' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. பிரேக் போட்டார். கரும்புத் தோகை கண்ணாடியில் சரசரவென்று உரசினது. அவ்வளவுதான் இடைவெளி.

அந்த ஆள் கத்தினான். "யோவ், கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது?"

இவர் எஞ்சினை அணைக்கவும் இல்லை, ஸ்டியரிங்கை விடவும் இல்லை. பிரிசில்லா இறங்கி வந்து, போன் டார்ச்சை அடித்து இவர் கண்ணைப் பார்த்தாள்.

"புரை அண்ணே. நல்லா முத்தியிருக்கு. எதுவுமே மஞ்சளாத்தான் தெரியும் உங்களுக்கு. அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். வேகம் சொன்னேன், மேடு சொன்னேன், எரியாததை எரியுதுன்னு சொன்னேன். அந்த ஆளுக்கு வீட்டில் யார் யாரோ.

"தெரியும்" என்றேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. "எல்லாரையும் பஸ்சு ஏத்தி விடு லோகு" என்றார்.

வேறு யாரைக் கூப்பிடுவது? சார்லசைத்தான் கூப்பிட்டேன். முதல் கேள்வியே, "பேட்டரி குறி பல்ப நோண்டினாரா?" என்பதுதான். பைக்கில் வந்தான். டப்பாவுக்குள் மல்லாட்டையை விலக்கி அந்தப் பழைய பல்பை எடுத்துக் கொடுத்தேன். இவர் சொருகினதைப் பிடுங்கிக் காட்டினான். மாற்றுப் பக்கமாகச் சொருகியிருந்தது. "சுத்தமா கரண்டே போகல அண்ணி. டைனமோ தூங்கிருச்சு. அத்தன நாளும் பேட்டரிய உறிஞ்சித்தான் லைட்டு எரிஞ்சிருக்கு. டீசல் வண்டி, அதனால நிக்காம ஓடிக்கினே இருந்திருக்கு." பழைய பல்பைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். சிவப்பு எரிந்து அணைந்தது. முன் லைட்டு தெளிந்து ரோட்டைக் காட்டினது.

பைக்கை அங்கேயே பூட்டிவிட்டு, வண்டியைச் சார்லஸ் ஓட்டி வந்தான். இவர் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

ஜனவரி 21, செவ்வாய்

வண்டி ஓடவில்லை. வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சோறு அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜனவரி 23, வியாழன்

கண் டாக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஒவ்வொன்றாக ஆபரேஷன் செய்ய வேண்டும். இவர் கேட்டது ஒரே கேள்வி.

"வண்டி ஓட்டலாமா?"

"இப்ப ஓட்டக்கூடாது. ஆபரேஷன் முடிஞ்சு மறுபடி சோதிச்சுப் பாத்துச் சொல்றேன்."

முதல் பாதிதான் இவர் காதில் விழுந்தது. வழியெல்லாம் "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜனவரி 27, திங்கள்

சாமிக்கண்ணு எங்கள் வேனை ஓட்டுகிறார். நான் வழக்கம்போல முன் சீட்டில். அவருக்கு வேகம் சொல்ல வேண்டாம், மேடு சொல்ல வேண்டாம். கிண்டல் செய்தால் சிரிக்கவும் தெரியவில்லை. பிரிசில்லா, "அண்ணன் வர்ற வரைக்கும்தான் இவரு. அண்ணங்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். வந்து சொன்னேன். "வந்தா பாப்போம்" என்றார்.

பிப்ரவரி 5, புதன்

வலது கண் ஆபரேஷன் முடிந்தது. உள்ளே போகும்போது என் கையை விடவில்லை. "பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக்கூட இப்பிடிப் புடிக்கலியே மாமா" என்றேன். நர்சு சிரித்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். சுவரைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னா மாமா, அழகா இருக்கேனா?"

"இருடி. மொதல்ல ஃபேன நல்லா பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொங்கல் வேட்டியை எடுத்து வரச் சொன்னார். மடியில் போட்டு இந்தக் கண்ணை மூடி, அந்தக் கண்ணை மூடிப் பார்த்தார். மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

இடது கண்ணும் ஆனது. கறுப்புக் கண்ணாடி போட்டுத் தெருவில் நடக்கிறார். கட்சியில் சீட்டு கொடுத்துவிட்டார்களா என்று எதிர்வீட்டில் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் போனார். வண்டி ஓட்டலாம். எனக்குக் கடைசி மூன்று வரி தெரியவில்லை. சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கே என்னைக் கொண்டுபோய் உட்கார வைப்பார்.

ஏப்ரல் 5, சனி

அந்தப் பொங்கல் வேட்டியைக் கட்டிக்கொண்டு, "மஞ்சக்குப்பம் போறேன், வா" என்றார். இவரேதான் ஓட்டினார். சார்லஸ் கடை வாசலில் நிறுத்திச் சாவியைப் போட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சார்லஸ் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார்லசு."

"சொல்லுண்ணே."

"வெள்ளைதாண்டா."

சார்லஸ் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தான். அதில் அழுக்கே இல்லை. துடைத்து வைத்துவிட்டு, "டீ சொல்லட்டா?" என்றான்.

டீ குடித்துக்கொண்டே இவர், "கண்ணக் கூசுதுடா. ராத்திரியில இத எப்பிடிப் பாத்துக்கினு ஓட்டறது? அந்தப் பழைய மஞ்சளையே போட்டுடேன்" என்றார். சார்லசுக்குப் புரை ஏறிவிட்டது. இருமி இருமிச் சிரித்தான். நான் மல்லாட்டை டப்பாவைத் திறந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது ஆறு பேரும் இருந்தார்கள். புதுச்சத்திரத்தில் இருட்டினது. மீட்டர் பழையபடி மங்கல் மஞ்சள். அந்தக் கரும்புக்காரன் போன இடம் வந்ததும், நான் சொல்லாமலேயே வேகத்தைக் குறைத்தார். ஸ்பீடு பிரேக்கரிலும் அப்படியே.

"நாப்பதுல போறேன்" என்றார். நான் கேட்கவே இல்லை.

ஆலப்பாக்கம் வரைக்கும் எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வாய் சும்மா இருக்கவில்லை. விற்க வைத்திருந்த மல்லாட்டையில் இரண்டு பொட்டலம் காலி.