ஊரின் பெயரில் ஒரு தளம்

செவ்வாய் இரவு, இஷா தொழுத பின்.

ராத்தா, என் மூத்த சகோதரி, நெய்யும் சாரிகளை விற்கும் இணையத்தளத்துக்கு ஊர்ப் பெயரோடு ‘சாரீஸ்’ சேர்த்துப் பெயர் வாங்கியது நான்தான். தேடுகிறவர்களுக்கு நேரே அகப்படும் என்று அவரிடம் பெருமையடித்தேன்.

இன்று கொழும்பிலிருந்து ஒரு பெண் போனில் ஏசினார். முதல் கழுவலிலேயே சாயம் போய்விட்டதாம். அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது எங்கள் தறியில் நெய்ததே இல்லை. இதே போன்ற பெயரில் இன்னும் மூன்று தளங்கள் இருக்கின்றன. குழம்பிப்போய் எங்களைப் பிடித்திருக்கிறார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ராத்தா போனைப் பறித்துவிட்டார்.

“மன்னிச்சிக்கங்க மிஸ், வேற ஒண்டு அனுப்புறன்.”

“அது நம்மட இல்லயே ராத்தா?”

“ஊர்ட பேர வெச்சிட்டு, நம்மட இல்லெண்டு எப்பிடித் தம்பி சொல்ற?”

தான் ஆசையாக நெய்த கடல்நீலச் சாரியை மடித்துப் பார்சல் கட்டினார்.

படுத்தபடி வேறு பெயர்கள் யோசிக்கிறேன். கொடியில் காயும் சாரிகளைப் போல அவை கண்ணுக்குள் அசைகின்றன. ராத்தாவின் பெயரையே எழுதிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. யாரும் அதைத் தேடி வரமாட்டார்கள், வந்தவர்கள் மறக்கமாட்டார்கள். காலையில் சொல்ல வேண்டும். ஆனால் பிறகு, ஊரின் பெயரில் போகிற மற்றச் சாயங்களுக்கெல்லாம் யார் மன்னிப்புக் கேட்பது?