காலியாக இருந்த இடம்

டெட்ராய்ட், மார்ச் 2003

அன்புள்ள அம்மாவுக்குத் தணிகைவேல் வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நலம். பிள்ளையார்பாளையத்தில் எல்லாரும் நலமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே யாருக்குக் காப்பீடு கொடுக்கலாம் என்று எங்கள் கணினிதான் முடிவு சொல்லும். ஒரு பெரியவரின் விண்ணப்பத்தில் பிறந்த தேதி காலியாக இருந்ததால் கணினி அப்படியே நின்றுவிட்டது. அவசரத்தில் நான் அன்றைய தேதியைப் போட்டேன். கணினி அவரைக் கைக்குழந்தை என்று எண்ணி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. அலுவலகமே சிரித்தது. தெரியாத இடத்தை நானாக நிரப்பக் கூடாது, கேட்க வேண்டும் என்றார் மேலாளர்.

அதனால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலுக்குப் பின்னால் தறிச் சத்தம் இல்லை. கேட்டதற்கு, "கரண்ட் போயிருக்குதுபா, அதான் தறி ஓடல" என்றாய். அப்பா கையால் நெய்கிற தறிக்குக் கரண்ட் எதற்கம்மா?

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. அனுப்பும்போது பார்சல் மேல் முகவரியை அப்பாவையே எழுதச் சொல்; அவர் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

தணிகை